மூளையுறை அழற்சியும் இளைஞருலகமும்: ஒரு வரலாற்று நோக்கு

நாடுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் மன்னரின் போர்களையும் அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் விரிவாகக் கூறுவர். அப்போர்களிலே படைக்கலத்தால் மாண்டவர் எத்துணையர், பாசறையிலே பிணியால் மாண்டவர் எத்துணையர் என்பதை ஆராய்வோர் சிலரே. அம்மை, வாந்திபேதி, மலைக்காய்ச்சல் ஆகிய பெருநோய்கள் பற்றி நம்மவர் ஓரளவு அறிவர். ஆயின், குழந்தைகளுக்கு அடுத்தபடியாக இளம் பருவத்தினரைச் சிறப்பாகப் பற்றி, ஒரு பகலும் ஓர் இரவும் கழியுமுன் உயிரைக் கவரவல்ல மூளையுறை அழற்சியின் வரலாறு நம்மிடையே பெரிதும் அறியப்படாததாகவே உள்ளது. கல்விக்கூடமொன்றின் ஆண்டு மலரில் இவ்வரலாறு இடம்பெறுதல் பொருத்தமுடைத்து. பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டோர் ஒரே கூரையின் கீழ் நெருங்கி உறங்கிய இடங்களிலேயே இந்நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டியுள்ளது. அவ்வனுபவத்திலிருந்து மக்கட்குலம் கற்ற பாடங்கள் மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கும் உரியனவாம்.

பெயரும் இயல்பும்

மூளையையும் முள்ளந்தண்டினூடே செல்லும் முண்ணாணையும் மூன்று மெல்லிய படலங்கள் உறைபோல் மூடியுள்ளன. அவ்வுறைகளில் உண்டாகும் அழற்சியே மூளையுறை அழற்சி எனப்படும். பொதுமக்கள் இதனை மூளைக்காய்ச்சல் என்பர். அப்பெயர் இருவேறு நோய்களைக் குறிக்க வழங்குவதால் மயக்கம் விளைதலுண்டு. 1985 ஆம் ஆண்டளவில் அனுராதபுரப் பகுதியிற் பெருகிய மூளைக்காய்ச்சல், நுளம்பினாற் பரவும் வைரசினால் மூளையே அழற்சியுற்ற நோயாகும். யப்பானிய மூளைக்காய்ச்சல் எனப்படும் அந்நோய்க்கு எதிரான தடுப்பூசி 1988 இலிருந்து இந்நாட்டில் வழங்கப்பட்டு வருகின்றது. ஈண்டு ஆராயப்படுவது அதுவன்று. பற்றீரியாக்களால் மூளையின் உறைகளில் விளையும் அழற்சியே ஆகும்.

அப்பற்றீரியாக்களுள் முதன்மையானவை மூன்று. ஈமோபிலசு இன்புளுவென்சாவின் பீ வகை பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாக்குவது. நியூமோகொக்கசு குழந்தைகளையும் முதியோரையும் மிகுதியாகத் தாக்கும். மெனிங்கோகொக்கசு என்பதே இளைஞரிடையே தொகுதியாகப் பரவவல்லது. காசநோய்க் கிருமியும் மூளையுறையைத் தாக்குவதுண்டு. பிறந்த குழந்தைக்கு இடப்படும் பீ.சீ.ஜீ. ஊசியின் தலையாய பயன்களுள் ஒன்று அதனைத் தடுத்தலேயாம்.

மெனிங்கோகொக்கசு மனிதனையன்றி வேறெவ்வுயிரிலும் இயல்பாக வாழ்வதில்லை. நீரிலோ மண்ணிலோ அது நெடிது நிலைப்பதில்லை. மனிதரின் மூக்குக்கும் தொண்டைக்கும் பின்னுள்ள பகுதியே அதன் உறைவிடம். எந்நேரத்திலும் பத்திலொருவர் அளவில் அதனைத் தம் தொண்டையிற் சுமந்து திரிவர். அவர்களுட் பெரும்பாலார்க்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை. மிகச் சிலரிடத்து மாத்திரம் அது குருதியுட் புகுந்து மூளையுறையை அடைகின்றது. நோயாளியைக் கண்டு அஞ்சி விலகுவதால் மட்டும் இந்நோயைத் தடுத்துவிட முடியாமைக்கு இதுவே காரணம். கிருமியைச் சுமப்போர் நலமுள்ளவராய் நம்மிடையே உலவுகின்றனர்.

பாசறையிற் கண்ட பிணி

1805 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்திலுள்ள ஜெனீவா நகரையடுத்த பகுதியிலே, கடுந் தலையிடி, வாந்தி, உடல் விறைப்பு ஆகிய குறிகளோடு பலர் அடுத்தடுத்து மாண்டனர். வியூசே என்னும் மருத்துவர் அதனை ஆராய்ந்து எழுதிய குறிப்பே இந்நோயின் முதலாவது தெளிவான வருணனையாகக் கொள்ளப்படுகின்றது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்திலும் இது காணப்பட்டது. 1837 ஆம் ஆண்டிலிருந்து பிரான்சு நாட்டின் படைத் தளங்களிலே இந்நோய் தலைகாட்டிற்று. ஒரு படையணி ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு மாறுகையில் நோயும் அதனுடன் மாறிச் சென்றமை அக்கால மருத்துவரை வியப்பில் ஆழ்த்தியது. பழைய வீரரினும் புதிதாகப் படையிற் சேர்ந்த இளைஞரே பெரிதும் பாதிக்கப்பட்டனர். அதன் காரணம் அன்று எவர்க்கும் விளங்கவில்லை.

விளக்கம் படிப்படியாகவே வந்தது. 1880 களில் உருசிய நாட்டு மருத்துவரான கேர்ணிக், இந்நோயுற்றோரின் தொடையை மடித்து முழங்காலை நீட்ட முயல்கையிற் கடும் நோவும் தடையும் உண்டாதலைக் கண்டு அதனை நோயின் அடையாளமாக நிறுவினார். 1887 இல் வியன்னாவைச் சேர்ந்த வைட்செல்பாம், இறந்தோரின் மூளையுறை நீரிலிருந்து மெனிங்கோகொக்கசைப் பிரித்தெடுத்தார். 1891 இற் செருமானியரான குவின்க்கே, இடுப்புப் பகுதியில் முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி, முண்ணாணைச் சூழ்ந்துள்ள நீரை எடுக்கும் முறையை வெளியிட்டார். அதுவரை இறந்த பின்னரே அறியப்பட்ட நோய், அதன் பின்னர் உயிருள்ளபோதே ஐயத்துக்கிடமின்றி அறியப்படலாயிற்று. தெளிந்த நீர் போலிருக்க வேண்டிய அப்பாய்பொருள் கலங்கிச் சீழ்போல் வருமாயின் மருத்துவர் நோயை உணர்வர். இம்முறை முண்ணாணைக் கெடுத்து உடலை முடமாக்கும் என்ற அச்சம் நம்மூர்களில் இன்றும் சிலரிடம் உண்டு. ஊசி செலுத்தப்படும் இடம் முண்ணாண் முடிவுறும் இடத்துக்குக் கீழேயுள்ளது என்பதை அறிந்தோர் அவ்வாறு அஞ்சார். அவ்வச்சத்தாற் பெற்றோர் இசைய மறுத்துப் பொழுதைப் போக்குவரேல் அதுவே பெருங்கேட்டுக்கு வழியாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மருந்தின்றி விடப்பட்டோருள் நூற்றுக்கு எழுபது எண்பது பேர் மாண்டனர். நியூயோர்க்கிலுள்ள உறொக்பெல்லர் நிலையத்துப் பிளெக்ஸ்னர், குதிரையின் குருதியிலிருந்து பெற்ற எதிர்ச்சீரத்தை முள்ளந்தண்டு வழியே செலுத்தும் சிகிச்சையைப் பரப்பினார். அவர் 1913 இல் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாறு சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 1,300 பேருள் இறந்தோர் நூற்றுக்கு முப்பத்தொருவர் அளவினரே. பாதிக்கு மேல் இறப்புக் குறைந்தமை அக்காலத்துக்குப் பெருஞ்சாதனை எனினும், மூவருள் ஒருவரைப் பறிகொடுத்தல் மனநிறைவு தரக்கூடியதன்று.

படுக்கைகளின் இடைவெளி

முதலாம் உலகப் பெரும்போர்க் காலத்திலே பிரித்தானியப் படைக்கு இலட்சக்கணக்கான இளைஞர் சேர்க்கப்பட்டனர். அவர்கள் தங்குவதற்குப் போதிய இடமின்மையால், வழக்கமான அளவினும் மிகுதியானோர் ஒவ்வொரு மண்டபத்திலும் அடைக்கப்பட்டனர். இலண்டனுக்குத் தெற்கேயுள்ள கேற்றர்காம் பயிற்சி முகாமிலே பணியாற்றிய குளோவர் என்னும் படை மருத்துவர், வீரரின் தொண்டையிலிருந்து தொடர்ந்து மாதிரி எடுத்துச் சோதித்தார். படுக்கைகளுக்கிடையே ஓரடிக்குங் குறைந்த வெளியே இருந்தபோது, கிருமியைச் சுமப்போர் நூற்றுக்கு இருபதுக்கு மேலாயினர். அவ்வாறு மிகுந்த காலங்களை அடுத்தே நோயும் வெளிப்படக் கண்டார். படுக்கைகளை இரண்டரை அடி இடைவெளியில் அமைத்துச் சாளரங்களையும் திறந்துவைத்தபோது, சில வாரங்களிற் சுமப்போரின் தொகை நூற்றுக்கு ஐந்துக்குங் கீழே இறங்கிற்று.

இவ்வாய்வு மருத்துவ வரலாற்றில் மிக எளியதொன்றாயினும் பெரும் பயனுடையது. மருந்தொன்றும் இன்றி, பெருஞ்செலவுமின்றி, அளவுகோல் ஒன்றைக் கொண்டே நோய்க்கு ஓரளவு அணையிட முடியும் என்பதை அது காட்டிற்று. புதிதாகச் சேர்ந்தோரே மிகுதியாகத் துன்புற்றமைக்கும் காரணம் தெளிவாயிற்று. பல ஊர்களிலிருந்தும் வந்தோர் தத்தம் ஊர்க் கிருமிகளைத் தொண்டையிற் கொணர்ந்து ஒரே மண்டபத்தில் மாற்றிக்கொள்கின்றனர். அக்கிருமியை முன்னொருபோதும் எதிர்கொள்ளாதவனின் குருதியில் அதற்கெதிரான காவல் இராது. சேர்ந்த முதற்சில வாரங்களே மிக இடரான காலம் என்பது இதனாற் பெறப்படும்.

இளம் பருவத்தினர் மிகுதியாகக் கிருமியைச் சுமத்தலும் இவ்வழியே விளங்கும். ஐரோப்பிய நாடுகளிற் செய்யப்பட்ட கணிப்புகளின்படி, பத்தொன்பது வயதளவில் ஏறத்தாழ நான்கிலொருவர் மெனிங்கோகொக்கசைத் தொண்டையிற் கொண்டுள்ளனர். வீட்டை விட்டு விடுதிக்குச் செல்லல், கூட்டமாக உறங்கல், நெருங்கிப் பழகல், புகை பிடித்தல் ஆகியன அதற்கு ஏதுவாகின்றன. புகை பிடிப்பவன் தனக்கு மட்டுமன்றித் தன்னோடு ஓரறையில் இருப்பவனுக்கும் இவ்விடரை மிகுவிக்கின்றான்.

மருந்தும் தடுப்பூசியும்

1930 களிற் சல்பா மருந்துகள் தோன்றின. 1937 இல் அவற்றுள் ஒன்று மூளையுறை அழற்சிக்குப் பயன்படுத்தப்பட்டு நற்பயன் தந்தது. அடுத்த சில ஆண்டுகளிற் பெனிசிலினும் வந்து சேர்ந்தது. முதலாம் உலகப்போரில் இந்நோயுற்ற அமெரிக்க வீரருள் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவில் இறந்தனர். இரண்டாம் உலகப்போரில் அத்தொகை ஏறத்தாழ நான்காகக் குறைந்தது. சல்பா மருந்தை முன்கூட்டியே முகாமிலுள்ளோர் அனைவர்க்கும் கொடுத்து நோயைத் தடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. நோய் வென்றொழிக்கப்பட்டது என்றே பலர் கருதினர்.

அக்கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை. 1963 அளவில் கலிபோர்ணியாவிலுள்ள படைப் பயிற்சி முகாம்களிலே சல்பா மருந்துக்கு அடங்காத மெனிங்கோகொக்கசு பரவிற்று. மருந்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்பதை உணர்ந்த அறிஞர் தடுப்பூசியை நாடினர். வோல்ற்றர் றீட் படை ஆராய்ச்சி நிலையத்துக் கொட்ஷ்லிக்கும் அவர்தம் தோழரும், கிருமியின் புற உறையிலுள்ள வெல்லப்பொருளைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாக்கும் முறையை 1969 இல் வெளியிட்டனர். 1971 இலிருந்து அமெரிக்கப் படையிற் சேர்வோர்க்கு அது வழங்கப்பட்டது.

மெனிங்கோகொக்கசுப் பிரிவுகளுள் ஏ, பீ, சீ, டபிள்யூ, வை ஆகியன பெரும்பாலான நோய்களுக்குக் காரணமானவை. ஒரு பிரிவுக்கான ஊசி மற்றொன்றைத் தடாது. பீ பிரிவின் புற உறை மனித நரம்பிழையத்திலுள்ள பொருளொன்றை ஒத்திருப்பதால் உடல் அதனைப் பகையென உணர்வதில்லை. ஆகையாற் பிறிதொரு வழியில், கிருமியின் புரதங்களைக் கொண்டே அதற்கான ஊசி ஆக்கவேண்டியதாயிற்று. அது 2013 இலேயே ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பீ பிரிவு நோய் தொகுதியாகத் தோன்றியபோது, அந்நாட்டில் அதுவரை அனுமதி பெறாத அவ்வூசியைச் சிறப்பாணையின் பேரில் வரவழைத்து மாணவர்க்கு இட்டனர்.

தடுப்பூசியின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் சிறப்பாக நினைவுகூரத் தக்கன. முதலாவது, 1999 நவம்பரிற் பிரித்தானியா தொடங்கிய சீ பிரிவு ஊசித் திட்டம். குழந்தைகளோடு பதினைந்து முதற் பதினேழு வயது வரையான மாணவர்க்கும் முதலிடம் அளிக்கப்பட்டது. ஊசி பெற்றோரிடை நோய் பத்திலொன்றிலும் குறைந்தது. ஊசி பெறாதோரிடையும் அது மூன்றிலொரு பங்களவாகச் சுருங்கிற்று. இளைஞரின் தொண்டையிலிருந்து கிருமி அகன்றமையால், அவர்களிடமிருந்து பிறர்க்குப் பரவுவதும் நின்றது. பிணியைப் பரப்பும் வழியாயிருந்த இளைஞர் ஊரின் காவலரண் ஆயினர் எனல் மிகையன்று.

இரண்டாவது, ஆபிரிக்காவின் கதை. சகாராப் பாலைக்குத் தெற்கே மேற்கிலிருந்து கிழக்குவரை நீளும் நாடுகளின் நிரை மூளையுறை அழற்சி வலயம் எனப்படும். ஆங்கு 1996, 1997 ஆம் ஆண்டுகளில் எழுந்த பெருந்தொற்றில் ஏறத்தாழ 250,000 பேர் நோயுற்றனர். 25,000 பேர் மாண்டனர். வறிய நாடுகளுக்கு ஏற்ற விலையில் ஊசியொன்று வேண்டுமென்ற குரல் எழுந்தது. இந்தியாவின் பூனா நகரிலுள்ள சீரம் நிலையம் அரை டொலருக்குங் குறைந்த விலையில் ஏ பிரிவுக்கான ஊசியை ஆக்கிக் கொடுத்தது. 2010 டிசம்பரிற் புர்க்கினா பாசோவிலே தொடங்கி, ஒன்று முதல் இருபத்தொன்பது வயது வரையானோர்க்கு அது இடப்பட்டது. சில ஆண்டுகளுள் அவ்வலயத்தில் ஏ பிரிவு நோய் அற்றொழியும் நிலை எய்திற்று. அதே நிலையம் ஆக்கிய, ஐந்து பிரிவுகளைத் தடுக்கும் புதிய ஊசி 2024 இல் முதன்முதலாக நைசீரியாவில் வழங்கப்பட்டது. அவ்விந்திய நாட்டிலேயே தில்லி மாநகர் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் ஏ பிரிவுப் பெருந்தொற்றுகளைக் கண்டது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த இளைஞர் அவற்றிற் பலர் பாதிக்கப்பட்டனர். ஆகவே, இது தூர தேயத்து நோயென நாம் வாளாவிருத்தல் தகாது.

வாவிக்கரை நாட்டில்

இலங்கையிற் குழந்தைகளைத் தாக்கும் ஈமோபிலசு வகைக்கு எதிரான ஊசி 2008 இற் புகுத்தப்பட்டது. ஊசி பெற்ற சில குழந்தைகளின் இறப்பைத் தொடர்ந்து அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆராய்ந்த வல்லுநர் இறப்புக்கு ஊசியே காரணமென்று கொள்ளச் சான்றில்லை எனத் தெளிவித்தபின், 2010 இல் மீண்டும் வழங்கப்படலாயிற்று. மெனிங்கோகொக்கசு ஊசியோ பாடசாலை மாணவர் அனைவர்க்குமுரிய தேசிய அட்டவணையிற் சேர்ந்ததன்று. இந்நாட்டில் அந்நோய் அரிதாகவே காணப்படுதல் அதற்கொரு காரணம். எனினும் அரிதென்பது இல்லையென்பதாகாது. 2023 ஆகஸ்ட் மாதத்திற் காலிச் சிறைச்சாலையில் அந்நோய் வெளிப்பட்டுக் கைதிகள் உயிரிழந்தனர். அச்சிறைக்குப் புதியோரை அனுப்புதல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் கேற்றர்காம் முகாமிற் குளோவர் கண்ட நெருக்கமே ஈண்டும் நோய்க்கு இடமளித்தது.

மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இவ்வூசி பல்லாண்டுகளாக அறிமுகமானதே. 1987 இல் மக்கா நகரில் ஹஜ் யாத்திரிகரிடையே ஏ பிரிவு நோய் பரவி, அவர்களுடன் பல நாடுகளுக்கும் சென்றது. அதன்பின் யாத்திரிகர் தடுப்பூசி பெற்றே வரவேண்டுமெனச் சவூதி அரசு விதித்தது. 2000 ஆம் ஆண்டில் டபிள்யூ பிரிவு நோய் அதேபோற் பரவவே, நான்கு பிரிவுகளுக்குமான ஊசி கட்டாயமாக்கப்பட்டது. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் கல்முனையிலிருந்தும் ஆண்டுதோறும் புனித யாத்திரை செல்வோர் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்குக் குறையாமல் முன்னதாகவே அவ்வூசியைப் பெறுகின்றனர். தம்மையும், திரும்பி வந்து தழுவும் பேரப் பிள்ளைகளையும் அவர்கள் இதனாற் காக்கின்றனர். நம் அயலூர் மூத்தோர் கைக்கொள்ளும் இவ்வொழுக்கம் பிறர்க்கும் பாடமாதல் வேண்டும்.

யாத்திரையன்றியும் நெருங்கி உறங்கும் இடங்கள் நம்மிடையே பல. 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலை வளாகத்துக்கு நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் மாணவர் வந்து விடுதிகளிற் சேர்கின்றனர். படுவான்கரைச் சிற்றூர்களிலிருந்து உயர்தரக் கல்விக்காக நகருக்கு வந்து வாடகையறையில் நால்வர் ஐவராகத் தங்கும் பிள்ளைகளும் உளர். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் பெண் பிள்ளைகள் தங்கும் அறைகளின் நெருக்கம் யாவரும் அறிந்ததே. 2004 இன் கடற்கோளின் பின்னரும், 2006, 2007 ஆம் ஆண்டுப் போர்க்கால இடப்பெயர்வின் போதும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முகாம்களிற் பாயோடு பாய் சேர்த்துப் படுத்ததை மறந்தவர் இலர். இவ்விடங்களிலெல்லாம் குளோவரின் அளவுகோலுக்கு வேலையுண்டு.

காலத்தின் அருமை

இந்நோயில் எல்லாவற்றினும் அரியது காலமே. 2006 இல் ஆக்ஸ்போர்ட்டு ஆய்வாளர், மெனிங்கோகொக்கசு நோயுற்ற 448 பிள்ளைகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டனர். நோய் தொடங்கிச் சராசரியாகப் பத்தொன்பது மணி நேரத்தின் பின்னரே அவர்கள் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர். கழுத்து விறைப்பு, ஒளியை வெறுத்தல், தோலிற் செம்புள்ளி, அறிவு மயக்கம் ஆகிய நூல் கூறும் குறிகள் பதின்மூன்று மணிக்கும் இருபத்திரண்டு மணிக்கும் இடையிலேயே தோன்றின. ஆயின் காலில் நோவு, கையும் காலும் குளிர்தல், தோல் வெளிறல் ஆகியன எட்டு மணி நேரத்துள்ளேயே பலரிடம் காணப்பட்டன. உடல் நெருப்பாய்க் காய, கைகால் சில்லிட்டிருத்தல் வெறுங் காய்ச்சலன்று என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருத்தல் வேண்டும். செம்புள்ளியின்மேல் கண்ணாடிக் குவளையை அழுத்தினால் அது மறையாதிருத்தல் இடர்க்குறி. நம் கருநிற மேனியில் அது எளிதிற் புலப்படாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகிய இடங்களிற் பார்த்தல் வேண்டும். புள்ளி தோன்றவில்லை என்பதால் நோயில்லை எனத் துணிதலும் பிழை.

முற்காலத்திலே எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே வாவியைக் கடக்க ஓடமும் 'பாதை' எனப்பட்ட மிதவையுமே துணை. இரவிற் காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பொழுது விடியும் வரை காத்திருத்தலன்றி வேறு வழியில்லாத ஊர்கள் பல இருந்தன. 1924 இற் கல்லடிப் பாலம் அமைந்தது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. பாலங்கள் வணிகத்துக்கும் போக்குவரத்துக்கும் ஆற்றிய தொண்டு பலராலும் பேசப்படுவது. அவை இத்தகைய நோய்களில் மீட்டுத் தந்த மணித்தியாலங்களும் எண்ணத்தக்கன. நீரினால் வந்த தாமதம் பெரும்பாலும் நீங்கிற்று. மனத்தினால் வரும் தாமதமே எஞ்சியுள்ளது.

அத்தாமதத்துக்கு இக்காலத்தில் எழுந்துள்ள காரணமொன்று சிந்திக்கத்தக்கது. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அதன்பின் காய்ச்சல் என்றவுடன் பரசிற்றமோல் கொடுத்து, நீராகாரம் பருக்கி, மூன்றாம் நாள் குருதி சோதித்தல் என்பது வீடுதோறும் வழக்கமாயிற்று. டெங்குக்கு அது தக்கதே. ஆயின் மூளையுறை அழற்சிக்கு மூன்றாம் நாள் என்பதே இல்லாது போகலாம். தாங்கொணாத் தலையிடி, தொடர்ந்த வாந்தி, கழுத்தை வளைக்க இயலாமை, பிதற்றல், எழுப்பினும் எழாத உறக்கம் இவற்றுள் எதனையும் காய்ச்சலோடு காணின், அது முதல் நாளாயினும் நள்ளிரவாயினும் வைத்தியசாலையை அடைதலே கடன். பிதற்றலைச் சன்னியென்று கூறிப் பார்வை பார்ப்பித்தலும், அயர்வைச் சோதனைக் காலத்துக் களைப்பென்று எண்ணி உறங்கவிடுதலும் தீராத் துயரைத் தந்துவிடக்கூடும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, பற்றீரியா மூளையுறை அழற்சியுற்றோருள் இக்காலத்திலும் ஆறிலொருவர் இறக்கின்றனர். ஐந்திலொருவர் செவிப்புலன் இழப்பு முதலிய நீங்காக் குறைகளோடு வாழ்கின்றனர். நோய் மாறி வகுப்புக்குத் திரும்பும் மாணவன் ஒருவன் பாடத்திற் கவனமற்றவனாய்த் தோன்றின், அவனைக் கடிந்துகொள்ளுமுன் அவன் செவியைச் சோதிப்பித்தல் ஆசிரியரின் கடமை.

கல்விக்கூடங்களின் கடமை

இந்நாட்டிலே நோய்த் தடைகாப்புப் பற்றிய கட்டளைச்சட்டம் 1897 இல் இயற்றப்பட்டது. 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டதிலிருந்து, சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஊர்தோறும் பணியாற்றும் ஒழுங்கு வளர்ந்தது. மூளையுறை அழற்சி இன்று சட்டப்படி அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்று. அறிவிப்புக் கிடைத்தவுடன், நோயாளியோடு ஒரே வீட்டிலோ ஒரே விடுதியறையிலோ தங்கியோர்க்கு இயன்றவரை 24 மணி நேரத்துள் தடுப்பு மருந்து கொடுக்கலாம். றிபாம்பிசின், சிப்புறோபிளொக்சசின் ஆகியன அதற்குப் பயன்படுவன. பாடசாலையிலுள்ள அனைவர்க்கும் மருந்து வேண்டுவதில்லை. பாடசாலையை மூடவேண்டிய தேவையும் பொதுவாக எழுவதில்லை. நிறுவனத்தின் நற்பெயருக்கு இழுக்கு நேருமென அஞ்சிச் செய்தியை மறைப்போர், அடுத்த படுக்கையில் உறங்கிய பிள்ளைக்குரிய அந்த 24 மணி நேரத்தைப் பறித்தவராவர்.

விடுதி நடத்துவோர் செய்யக்கூடியன பொருட்செலவு மிக்கனவல்ல. படுக்கைகளை இயன்றவரை தள்ளி இடுதல், இடம் போதாதவிடத்துத் தலைமாடு கால்மாடாக மாற்றி அமைத்தல், இரவிலும் காற்றோட்டம் பேணல், அறைகளிற் புகைத்தலை முற்றாக விலக்கல், நோயுற்ற மாணவனைத் தனியே அறையில் விட்டு வகுப்புக்குச் செல்லாது ஒருவரைத் துணையிருத்தல், இரவில் வைத்தியசாலை செல்ல ஊர்தியொன்றை ஒழுங்கு செய்துவைத்தல் ஆகியன அவற்றுட் சில. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் மாணவர் அந்நாட்டு விதிப்படி தடுப்பூசி பெறவேண்டுமா என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

2020 இல் உலகச் சுகாதார மன்றம், 2030 அளவில் மூளையுறை அழற்சிப் பெருந்தொற்றுகளை ஒழித்து, தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோயை அரைவாசியாகவும் இறப்பை நூற்றுக்கு எழுபது அளவிலும் குறைப்பதற்கான திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அத்திட்டம் உலக அரங்கில் வகுக்கப்பட்டதாயினும், அது நிறைவேறும் இடங்கள் நம் விடுதிகளும் வீடுகளுமே.

வைகாசித் திங்களிற் கண்ணகையம்மன் சடங்கு நிகழும்போது வாவிக்கரை ஊர்கள் சில நியமங்களை ஒருமனத்தோடு காக்கின்றன. வெம்மையும் பிணியும் தணிந்து ஊர் குளிர வேண்டுமென்று இறுதியிற் குளுத்தி பாடப்படுகின்றது. ஊரின் நலத்துக்காக ஒவ்வொருவரும் ஒரு கட்டுப்பாட்டை ஏற்கும் அப்பண்பு நமக்குப் புதியதன்று. நோய்க்குறிகளை அறிந்து காலம் தாழ்த்தாது செல்லலையும், உண்மையை மறையாது அறிவித்தலையும் அத்தகைய நியமங்களாகவே நம் இளைஞர் மேற்கொள்வாராக.